புது டிரைவ் போட்ட கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லையா? கணக்கு போய்விடவில்லை!



நம் கடைகளில் கம்ப்யூட்டர் என்பது தராசைப் போல, கல்லாப்பெட்டியைப் போல அன்றாடச் சாமான் ஆகிவிட்டது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்த பிறகு பில் போடுவது, ரிட்டர்ன் தாக்கல் செய்வது, இ-வே பில் எடுப்பது எல்லாம் அதன் வழியாகத்தான் நடக்கிறது. புதுக்கோட்டை கீழராஜவீதியில் இருந்து அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி, கீரனூர் கடைவீதிகள் வரை அந்தச் சமயத்தில் வாங்கிப்போட்ட கம்ப்யூட்டர்கள் பல இன்னமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவை கிழடு தட்டிவிட்டன. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் திரை இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

இதற்கு இப்போது எல்லோரும் சொல்லும் வைத்தியம், உள்ளே இருக்கும் பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்னும் புது வகை டிரைவைப் போடுவது. நல்ல வைத்தியம்தான். பழைய ஹார்டு டிஸ்கில் தகடு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 சுற்று சுற்றி, அதன் மேல் ஒரு முள் ஓடிப் படிக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுற்றுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை. எல்லாம் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் வேகம் பல மடங்கு கூடுகிறது. மேலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதை ஒட்டியும் பலர் டிரைவை மாற்றி விண்டோஸைப் புதிதாகப் போட்டு வருகிறார்கள்.

இதில் அடிக்கடி வரும் தொல்லை ஒன்று உண்டு. புது டிரைவை மாட்டியாயிற்று, ஸ்குரு முடுக்கியாயிற்று, சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ ஒரு வரி வந்து நின்றுவிடுகிறது. கடையில் கூட்டம் நிற்கிறது. வந்த மெக்கானிக் தம்பி, "ஐயா, பார்மட் போட்டுடலாமா?" என்று கேட்கிறார். "எதையாவது செய்து சீக்கிரம் ஓட்டு தம்பி" என்று நாமும் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது.

கம்ப்யூட்டர் எழுந்திருக்காவிட்டால் நஷ்டம் அரை நாள், ஒரு நாள் வியாபாரம். அவசரத்தில் தவறான டிரைவை அழித்துவிட்டால் நஷ்டம் பல வருஷக் கணக்கு. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி ஒரு வருஷத்துக் கணக்குப் புத்தகங்களை, அந்த வருஷத்தின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கெடுவில் இருந்து 72 மாதம் வரை வைத்திருக்க வேண்டும். நமக்கு வரவேண்டிய பாக்கியும் அதே கணக்கில்தான் இருக்கிறது. ஆகவே இந்தத் தொல்லையை எந்த வரிசையில் விசாரிப்பது என்பதை ஒவ்வொரு கடைக்காரரும் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்குருவைக் கழற்றத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கழற்றுபவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

காலையில் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும் விதம்

சுவிட்சைப் போட்டவுடன் விண்டோஸ் வந்துவிடுவதில்லை. முதலில் கண் விழிப்பது மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய சில்லில் பதிந்திருக்கும் பயாஸ் என்னும் புரோகிராம். 2010-க்குப் பிறகு வந்த பெட்டிகளில் பெரும்பாலும் அதற்குப் பதில் யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய வகை இருக்கிறது. பேச்சு வழக்கில் இரண்டையும் பயாஸ் என்றே சொல்கிறார்கள்.

இந்தப் பயாஸைக் கடையின் இரவுக் காவல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு வியாபாரம் தெரியாது. விளக்கைப் போட்டு, மெமரி இருக்கிறதா, கீபோர்டு இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு தன் கையில் உள்ள சீட்டில் எழுதியிருக்கும் வரிசைப்படி ஒவ்வொரு கிடங்காகப் போய், "இங்கே கணக்குப்பிள்ளை இருக்கிறாரா?" என்று விசாரிப்பார். அந்தச் சீட்டுக்குத்தான் பூட் வரிசை என்று பெயர். கணக்குப்பிள்ளை என்பது டிரைவின் தொடக்கத்தில் தனி இடத்தில் இருக்கும் ஒரு சிறு புரோகிராம். அதற்குப் பூட் லோடர் என்று பெயர். அவர் அகப்பட்டதும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்துவிட்டுக் காவல்காரர் ஒதுங்கிக்கொள்வார். அவர்தான் விண்டோஸைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

புது டிரைவ் போட்ட கம்ப்யூட்டர் நிற்கிறது என்றால், இந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது என்று பொருள். காவல்காரருக்குக் கிடங்கு தெரியவில்லை, அல்லது கிடங்கில் கணக்குப்பிள்ளை இல்லை, அல்லது இருவருக்கும் பாஷை ஒத்துவரவில்லை. இவற்றில் எதுவும் கிடங்கில் உள்ள சரக்கு போய்விட்டது என்பதன் அடையாளம் அல்ல.

எதற்கும் முன்னால் செய்ய வேண்டியது

பழைய டிரைவைக் கழற்றி, ஒரு உறையில் போட்டு, தேதி எழுதி, இரும்புப் பெட்டியில் வைத்துவிடுங்கள். நம் கணக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. புது டிரைவில் நமக்கென்று எதுவும் இல்லை. அதை எத்தனை முறை அழித்து எழுதினாலும் நமக்கு நஷ்டமில்லை. பழையது பெட்டிக்குள் போய்விட்டால் பிறகு எவர் எந்தப் பட்டனை அழுத்தினாலும் கவலையில்லை.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. விண்டோஸைப் போடும்போது எந்த டிரைவில் போடுவது என்று திரை கேட்கும். அங்கே 'டிரைவ் 0', 'டிரைவ் 1' என்று எண்தான் வரும். இது பழசு, இது புதுசு என்று எழுதியிருக்காது. இரண்டும் ஒரே அளவாக இருந்தால் இன்னும் குழப்பம். அதேபோல் பழைய டிரைவை அப்படியே புதியதில் நகல் எடுக்கும் குளோனிங் வேலையில், எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால், காலியான புது டிரைவ் பழைய டிரைவின் மேல் எழுதப்பட்டுவிடும். ஆகவே குளோனிங் செய்வதற்கு முன்பே டாலி டேட்டாவை ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்கிலோ தனியாக நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. பழைய டிரைவை வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கும்போது, 'இந்த டிஸ்கைப் பயன்படுத்த பார்மட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் சில சமயம் கேட்கும். அது யோசனைதானே தவிர உத்தரவு அல்ல. 'கேன்சல்' கொடுத்துவிட்டு நிதானமாகப் பாருங்கள்.

முதல் கேள்வி: திரையில் ஏதாவது தெரிகிறதா?

கம்பெனி முத்திரைகூட வரவில்லை, திரை முழுக்க இருட்டு என்றால் டிரைவின் மேல் பழி போடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கரண்டைத் துண்டித்து, புது டிரைவைக் கழற்றிவிட்டு மறுபடி சுவிட்சைப் போடுங்கள். டிரைவே இல்லாத கம்ப்யூட்டரிலும் முத்திரை வர வேண்டும். அதன்பின் 'பூட் டிவைஸ் இல்லை' என்ற பொருளில் ஒரு வரியும் வர வேண்டும். அதுவும் வரவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. வேலை செய்தபோது மெமரிக் கார்டு லேசாக அசைந்திருக்கும், அல்லது மானிட்டர் கேபிள் கழன்றிருக்கும், அல்லது பவர் சப்ளையில் ஏதாவது இருக்கும். கழற்றினால் முத்திரை வந்து, மாட்டினால் வரவில்லை என்றால் அந்த டிரைவோ அதன் கேபிளோ பழுது.

முத்திரை வந்து அதன்பின் நிற்கிறது என்றால், முதலில் செருகியிருக்கும் பென் டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க், மெமரி கார்டு எல்லாவற்றையும் உருவிவிட்டுப் பாருங்கள். ஃபிளாப்பி காலத்தில் ஃபிளாப்பியை மறந்து உள்ளே விட்டுவிட்டால் 'நான் சிஸ்டம் டிஸ்க்' என்று வந்து நிற்கும். இப்போது அந்த வேலையைப் பென் டிரைவ் செய்கிறது. காசு செலவில்லாத இந்த ஒரு காரியத்திலேயே சில பெட்டிகள் எழுந்துவிடும்.

இரண்டாம் கேள்வி: பயாஸுக்குப் புது டிரைவ் தெரிகிறதா?

சுவிட்சைப் போட்டவுடன் ஒரு குறிப்பிட்ட பட்டனை விட்டுவிட்டுத் தட்டினால் பயாஸ் திரை வரும். டெல் பெட்டியில் எஃப் 2, ஹெச்.பி.யில் எஃப் 10, லெனோவாவில் எஃப் 1 அல்லது எஃப் 2, கடையில் பூட்டிக் கொடுத்த அசெம்பிள்டு பெட்டிகளில் பெரும்பாலும் டெலிட். அங்கே டிரைவ்களின் பட்டியலில் புது டிரைவின் பெயரும் அளவும் இருக்க வேண்டும். இல்லையென்றால் விண்டோஸைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பயனில்லை; காவல்காரருக்கே தெரியாத கிடங்கில் ஆள் வைத்து என்ன பயன்?

பட்டியலில் தெரியாததற்குக் காரணங்கள் இவை:

1. கேபிள். சாட்டா வகை எஸ்.எஸ்.டி.க்கு இரண்டு கேபிள் வேண்டும். அகலமானது மின்சாரத்துக்கு, குறுகலானது தகவலுக்கு. ஒன்று மட்டும் மாட்டி மற்றது சரியாக உட்காராமல் இருக்கலாம். தகவல் கேபிள் பழையதானால் பிடிப்பு தளர்ந்துவிடும். கேபிளை மாற்றிப் பாருங்கள், மதர்போர்டில் வேறு சாக்கெட்டில் செருகிப் பாருங்கள்.

2. எம்.2 வகை. பட்டை போல் நீளமாக, மதர்போர்டிலேயே படுக்க வைத்துச் செருகும் டிரைவ் இது. வெளியில் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே சாட்டா என்றும் என்.வி.எம்.இ. என்றும் இரண்டு ஜாதி உண்டு. சில பெட்டிகளின் சாக்கெட் ஒன்றை ஏற்கும், மற்றதை ஏற்காது. வாங்கும் முன் நம் மதர்போர்டின் மாடல் எண்ணைக் கொடுத்துக் கேட்டு வாங்க வேண்டும்.

3. பழைய மதர்போர்டு. 2014-க்கு முந்தைய பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு என்.வி.எம்.இ. டிரைவில் இருந்து எழுந்திருக்கத் தெரியாது. தனி அடாப்டர் போட்டு மாட்டினால் விண்டோஸுக்குள் போன பிறகு டிரைவ் தெரியும். ஆனால் காலையில் அதிலிருந்து எழுந்திருக்காது. இப்படிப்பட்ட பெட்டிக்குச் சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி.தான் பொருத்தம்.

4. சில மதர்போர்டுகளில் எம்.2 இடத்தில் டிரைவ் போட்டவுடன், சாட்டா சாக்கெட்டுகளில் ஒன்றிரண்டு தானாக வேலை செய்யாமல் நின்றுவிடும். அப்போது புது டிரைவ் தெரியும், பழையது காணாமல் போகும். பழையது கெட்டுவிட்டதாக எண்ணி வருந்த வேண்டாம். வேறு சாக்கெட்டில் மாற்றிச் செருகினால் வந்துவிடும்.

மூன்றாம் கேள்வி: தெரிகிறது, ஆனால் எழுந்திருக்கவில்லை என்றால்?

பெரும்பாலான கேஸ்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவை. காரணங்களை எளியதில் இருந்து கடினமானது வரை வரிசையாகத் தருகிறேன்.

பூட் வரிசை: காவல்காரரின் சீட்டில் பழைய டிரைவின் பெயரோ, டி.வி.டி. டிரைவோ முதலில் இருக்கலாம். பயாஸில் 'பூட்' என்ற பகுதியில் புது டிரைவை முதல் இடத்துக்குக் கொண்டுவந்து சேமிக்க வேண்டும். ஒரு முறை மட்டும் சோதிக்க விரும்பினால் டெல், லெனோவா பெட்டிகளில் எஃப் 12, ஹெச்.பி.யில் எஃப் 9 தட்டினால் எதிலிருந்து எழுந்திருக்க வேண்டும் என்று பட்டியல் காட்டும்.

வெறும் டிரைவ்: கடையில் வாங்கிய புது டிரைவ் ஒரு வெற்றுப் பேரேடு. பழைய டிரைவில் உள்ள ஃபைல்களை எல்லாம் அதில் இழுத்துப் போட்டுவிட்டால் கம்ப்யூட்டர் எழுந்திருக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். எழுந்திருக்காது. ஃபைல்களோடு பூட் லோடரும் அதற்குரிய இடத்தில் உட்கார வேண்டும். அதற்கு விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும், அல்லது முழு டிரைவையும் குளோனிங் செய்ய வேண்டும். சி டிரைவை மட்டும் குளோனிங் செய்து, கண்ணுக்குத் தெரியாமல் பக்கத்தில் இருக்கும் 100 மெகாபைட் அளவுள்ள சிறு பகுதியை விட்டுவிட்டாலும் இதே கதைதான். புதிய முறைப் பெட்டிகளில் பூட் லோடர் குடியிருப்பது அந்தச் சிறு பகுதியில்தான்.

சாவி பழைய டிரைவில்: இது வேடிக்கையானது. பழைய டிரைவைக் கழற்றாமலே புதியதில் விண்டோஸைப் போட்டால், விண்டோஸ் புதியதில் போய் உட்காரும். பூட் லோடர் மட்டும் ஏற்கனவே பழையதில் இருக்கும் இடத்திலேயே போய்ச் சேர்ந்துகொள்வது உண்டு. இரண்டும் மாட்டியிருக்கும்வரை நன்றாக ஓடும். ஒரு நாள் பழையதைக் கழற்றியவுடன் கம்ப்யூட்டர் நின்றுவிடும். சரக்குப் புதுக் கிடங்கில், சாவி பழைய கிடங்கில் என்ற கதை. ஆகவே விண்டோஸ் போடும்போது புது டிரைவ் ஒன்றை மட்டுமே மாட்டியிருக்க வேண்டும். ஏற்கனவே இப்படி ஆகிவிட்டிருந்தால், விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவில் இருந்து எழுப்பி, ரிப்பேர் பகுதிக்குப் போய், பூட் லோடரைப் புது டிரைவில் எழுதச் செய்யலாம். விவரம் தெரிந்த மெக்கானிக்குக் கால் மணி நேர வேலை. பார்மட் தேவையே இல்லை.

இரட்டைப் பிள்ளைகள்: குளோனிங் முடிந்தபின் பழையது, புதியது இரண்டையும் மாட்டியபடி எழுப்பக் கூடாது. இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றாக இருப்பதால் விண்டோஸ் குழம்பிப்போய் ஒன்றை ஒதுக்கிவிடும். அல்லது நமக்குத் தெரியாமல் பழையதில் இருந்தே எழுந்து, அன்றைய பில்கள் எல்லாம் பழையதில் போய்ச் சேரும். முதல் முறை புதியதை மட்டும் மாட்டி எழுப்புங்கள்.

பழைய முறையும் புதிய முறையும்: டிரைவின் முதல் பக்கத்தில், எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று ஓர் அட்டவணை உண்டு. எம்.பி.ஆர். என்ற பழைய அட்டவணை 1983-இல் ஐ.பி.எம். கம்பெனியின் எக்ஸ்.டி. கம்ப்யூட்டரோடு வந்தது. அந்தப் பெட்டியின் ஹார்டு டிஸ்க் அளவே 10 மெகாபைட்தான்! இந்த அட்டவணையில் நான்கு வரிதான் எழுத முடியும். 2 டெராபைட்டுக்கு மேல் கணக்கும் தெரியாது. ஆகவே ஜி.பி.டி. என்ற புதிய அட்டவணை வந்தது. பழைய பயாஸ் முறையில் விண்டோஸ் எழுந்திருக்க எம்.பி.ஆர். வேண்டும், யு.இ.எஃப்.ஐ. முறையில் எழுந்திருக்க ஜி.பி.டி. வேண்டும். பழைய பெட்டியில் எடுத்த குளோனிங் டிரைவைப் புதுப் பெட்டியில் மாட்டினால் எழுந்திருக்காததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பயாஸ் திரையில் 'லெகசி' அல்லது 'சி.எஸ்.எம்.' என்று ஒரு அமைப்பு இருக்கும். முன்பு எப்படி இருந்தது என்று குறித்துக்கொண்டு, அதை மாற்றி ஒரு முறை எழுப்பிப் பார்க்கலாம். பலிக்கவில்லை என்றால் பழையபடியே வைத்துவிட வேண்டும். அட்டவணையையே மாற்ற, 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் இருந்து மைக்ரோசாப்ட் ஒரு கருவியைச் சேர்த்துத் தருகிறது. டேட்டாவை அழிக்காமல் எம்.பி.ஆரை ஜி.பி.டி.யாக மாற்றும். இருந்தாலும் நகல் எடுக்காமல் அதைத் தொடக் கூடாது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி போட யு.இ.எஃப்.ஐ.யோடு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும் என்பதால், பழைய பெட்டிக்கு எஸ்.எஸ்.டி. வாங்கும் முன்பே அந்தப் பெட்டி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நீலத் திரை: முத்திரை வந்து, விண்டோஸ் சின்னமும் வந்து, பிறகு நீலத் திரையில் 'இன்ஆக்சசபிள் பூட் டிவைஸ்' என்று நின்றால், டிரைவோடு பேசும் முறை மாறிவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பயாஸில் ஏ.ஹெச்.சி.ஐ., ரெய்டு என்று இரண்டு முறைகள் இருக்கும். விண்டோஸ் போட்டபோது எது இருந்ததோ அதையே திரும்ப வைத்தால் எழுந்துவிடும். புதிய லேப்டாப்புகளில் விண்டோஸ் போடும்போது 'டிரைவே இல்லை' என்று சொன்னாலும் பயப்பட வேண்டாம். அந்த லேப்டாப் கம்பெனியின் வெப்சைட்டில் இருந்து உரிய டிரைவர் புரோகிராமை எடுத்துக் கொடுத்தால் தெரிந்துவிடும்.

நாற்பத்தெட்டு எண்கள்: சில பெட்டிகளில் விண்டோஸ் டிரைவையே பூட்டி வைத்திருக்கும். இதற்கு பிட்லாக்கர் என்று பெயர். புதிய லேப்டாப்புகளில் நாம் கேட்காமலே இது போடப்பட்டிருப்பதும் உண்டு. பயாஸில் எதையாவது மாற்றியவுடன் 48 இலக்கம் கொண்ட ஒரு சாவி எண்ணைத் திரை கேட்கும். அந்த எண் இல்லாமல் உள்ளே போக எந்த மெக்கானிக்காலும் முடியாது. முதன்முதலில் லேப்டாப்பை அமைத்தபோது கொடுத்த மைக்ரோசாப்ட் கணக்கில் அது பெரும்பாலும் பதிவாகியிருக்கும். டிரைவில் கை வைக்கும் முன்பே அந்த எண்ணை எடுத்து, காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கல்லாவைத் திறக்கும்போது யார் கணக்கில் லேப்டாப் அமைத்தார் என்று தெரியாமல் பழைய வேலையாளைத் தேடி அலையக் கூடாது.

திரையில் வரும் வாசகங்கள்

கறுப்புத் திரையில் வருவதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது.

'நோ பூட்டபிள் டிவைஸ்', 'பூட் டிவைஸ் நாட் ஃபவுண்ட்' என்று வந்தால், எழுந்திருக்கத் தக்க டிரைவ் எதுவும் அகப்படவில்லை என்று அர்த்தம். கேபிளையும் பூட் வரிசையையும் பாருங்கள்.

'மிஸ்ஸிங் ஆபரேட்டிங் சிஸ்டம்' என்றால் டிரைவ் தெரிகிறது, ஆனால் விண்டோஸ் போடவில்லை, அல்லது அட்டவணையில் அதன் இடம் சரியாகக் குறிக்கப்படவில்லை.

'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்பதைப் படித்துவிட்டு, "எம்.ஜி.ஆர். எங்கே இங்கே வந்தார்?" என்று நம்மவர்கள் சிரிப்பது உண்டு. அது மேனேஜர் என்பதன் சுருக்கம். முன்னே சொன்ன கணக்குப்பிள்ளையைக் காணவில்லை என்று பொருள். ரிப்பேர் செய்தால் போதும்.

பாட்டரியும் கரண்டும்

நம் மாவட்டத்துக்குத் தேவையான ஒரு செய்தி. பழைய மதர்போர்டுகளில் பயாஸ் அமைப்புகளையும் தேதியையும் காப்பது, ஒரு ரூபாய்க் காசு போன்ற வட்டமான 3 வோல்ட் பாட்டரி. சி.ஆர்.2032 என்று கேட்டால் கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். கரண்ட் இருக்கும்வரை அது அதிகம் செலவாகாது. கரண்ட் இல்லாத நேரத்தில் அதுதான் தாங்க வேண்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது மின்கம்பங்கள் சாய்ந்து நம் கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. அது போல நீண்ட நாள் கரண்ட் இல்லாமல் கிடக்கும் பழைய பெட்டியில் பாட்டரி தீர்ந்துபோனால், பயாஸ் தன் அமைப்புகளை எல்லாம் மறந்துவிடும். பூட் வரிசை மாறும், ஏ.ஹெச்.சி.ஐ. மாறும். நேற்று வரை ஓடிய புது டிரைவ் இன்று எழுந்திருக்காது. தேதி பல வருஷம் பின்னால் காட்டினால் இதுதான் காரணம் என்று உடனே புரிந்துகொள்ளலாம். டிரைவ் மாற்றும்போதே இந்தப் பாட்டரியையும் மாற்றிவிட்டால் பெட்டி திறந்த கூலியோடு போய்விடும்.

எழுந்த பிறகு

விண்டோஸ் வந்துவிட்டது என்று அன்றைக்கே பழைய டிரைவை விற்றுவிடாதீர்கள். டாலியில் நம் கம்பெனி திறக்கிறதா, சென்ற வருஷத்து இறுதி இருப்பும் இந்த வருஷத் தொடக்க இருப்பும் ஒத்துப்போகிறதா, கடைசி பில் எண் சரியா என்று பாருங்கள். டாலி லைசென்ஸைப் பழைய டிரைவில் ஓடும்போதே முறைப்படி 'சரண்டர்' செய்துவிட்டு, புதியதில் மறுபடி ஏற்றிக்கொள்வது தொல்லையில்லாத வழி. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பில் பிரிண்டர் ஆகியவற்றின் புரோகிராம்களையும், பழைய பில்கள் பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால் அந்த எழுத்துருவையும் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் சரக்குப் பெயர்கள் எல்லாம் புரியாத எழுத்தாகத் தெரியும்.

ஒரு மாத முடிவுக் கணக்கும் ஒரு ரிட்டர்னும் புதிய டிரைவில் இருந்து ஒழுங்காகப் போகும்வரை பழையதைத் தொடாதீர்கள். அதன்பிறகும் பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டாம். அதில் நம் வாடிக்கையாளர் விவரம், பாங்க் விவரம் எல்லாம் இருக்கின்றன. பழைய வருஷத்துக் கணக்கின் நகலாகவே அதை வைத்துக்கொள்ளலாம். எஸ்.எஸ்.டி.யில் அழிந்துபோனதை மீட்பது ஹார்டு டிஸ்கில் மீட்பதைவிடக் கடினம். வருஷக்கணக்கில் கரண்ட் இல்லாமல் சும்மா வைத்திருந்தால் எஸ்.எஸ்.டி.யில் உள்ளது மங்கிப்போகவும் கூடும். ஆகவே பத்திரப்படுத்தும் நகலை ஹார்டு டிஸ்கிலும், இன்னொரு நகலைக் கடைக்கு வெளியே வீட்டிலும் வைப்பது நல்லது. நகலை எடுத்ததோடு விடாமல், வேறொரு கம்ப்யூட்டரில் ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.

மெக்கானிக்கை அழைக்கும்போது

மாதாந்திர ரிட்டர்ன் போடுபவர்களுக்கு 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் கெடு. அதற்கு முந்தைய நாட்களிலும், பண்டிகைக் கூட்டத்திலும் டிரைவ் மாற்றும் வேலையை வைத்துக்கொள்ளக் கூடாது. மாதத்தின் கடைசி வாரத்தில், கூட்டம் குறைந்த ஒரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வரும் தம்பியிடம் நான்கே கேள்விகள் கேளுங்கள். "டேட்டாவுக்குத் தனி நகல் எடுத்தாச்சா? பழைய டிரைவைக் கழட்டியாச்சா? பயாஸ்ல புது டிரைவ் தெரியுதா? முன்னாடி இருந்த அமைப்பைப் படம் எடுத்தாச்சா?" தொழில் தெரிந்தவர் இதைக் கேட்டு வருத்தப்பட மாட்டார், கேட்கும் கடைக்காரர் விவரமானவர் என்று இன்னும் கவனமாகச் செய்வார். புது டிரைவின் பில்லில் அதன் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். வாரண்டி அதன் பேரில்தான் கிடைக்கும்.

'பார்மட்' என்ற சொல் காதில் விழுந்தால் ஒரு நிமிடம் நிறுத்தி, "எந்த டிரைவை?" என்று கேளுங்கள். பழையது இரும்புப் பெட்டியில் இருக்கிறது என்றால் தாராளமாகப் போடச் சொல்லலாம்.